20 கிலோ மீட்டர் போக 2 ஆண்டு!
பள்ளித் தோழனை இழந்த கதை

விரிஞ்சிபுரத்தில் ஓர் ஓட்டு வீடு. அதற்கு ஒரு சின்னத் திண்ணை. திண்ணைக்கு மேலே ஒரு விளக்கு. இரவு முழுவதும் அந்த விளக்கு எரிகிறது.

"ஏம்மா, விடிய விடிய எரிகிறதே. கரண்டு வீண்தானே?" என்று கேட்டேன்.

"அவன் ராத்திரியிலேதானே போனான், தம்பி? வந்தாலும் ராத்திரியிலேதான் வருவான். இருட்டாக இருந்தால் வீடு தெரியாமல் தாண்டிப் போய்விடுவானே" என்றார் அந்தத் தாய்.

அவன் என்றால் அவருடைய மகன். என் பள்ளித் தோழன். 2013-ம் ஆண்டு மாசி மாதம் ஓர் இரவில் வீட்டை விட்டுப் போனான். இன்றுவரை திரும்பவில்லை.

அவனை யாரும் கடத்தவில்லை. கடன் தொல்லை இல்லை. காதல் தோல்வியும் இல்லை. அவனைக் கொண்டு போனது ஒரு நோய். மன நோய்!

அந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரியும் எங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால், அங்கே போய்ச் சேர அவனுக்கு 2 ஆண்டு பிடித்தது!

ஏன் அப்படி? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவன் பெயரை எழுதவில்லை. தாயாரின் விருப்பம் அது. "என் பிள்ளை திரும்பி வந்தால் இந்த ஊரிலே தலை நிமிர்ந்து நடக்கணும்" என்கிறார்.

வேண்டிப் பெற்ற பிள்ளை

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பெரிய ரோட்டில் செதுவாலை என்று ஓர் ஊர். அங்கிருந்து உள்ளே போனால் விரிஞ்சிபுரம். பாலாற்றங்கரை ஊர். "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அழகான மதிலுக்கு உள்ளே இருப்பது மார்க்கபந்தீசுவரர் கோவில். தமிழில் வழித்துணை நாதர். வழியில் நமக்குத் துணையாக வருபவர் என்று பொருள்.

அந்தக் கோவிலில் சிம்ம தீர்த்தம் இருக்கிறது. கார்த்திகை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஊர் கொள்ளாத கூட்டம். பிள்ளை இல்லாத பெண்கள் நள்ளிரவில் அந்தத் தீர்த்தத்தில் முழுகுவார்கள். ஈரத் துணியோடு கோவிலிலேயே படுப்பார்கள். கனவில் பூவோ, பழமோ வந்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை.

என் நண்பனின் தாயாரும் அப்படி முழுகியவர்தான். கல்யாணமாகி 7 ஆண்டு கழித்துப் பிறந்தவன் அவன். அவனுக்குப் பிறகு ஒரு தங்கை. அவ்வளவுதான் குடும்பம்.

தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் களையும் வேலை. கையெல்லாம் வெந்து போயிருக்கும். தாயார் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. எங்கள் பக்கத்தில் விடியற்காலை என்றாலே கம்பெனி பஸ்தான். கையில் சாப்பாட்டுத் தூக்கோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அவரும் அந்த வரிசையில் நின்று பிள்ளைகளை வளர்த்தார்.

கல் காட்டும் மணி

எங்கள் கோவிலில் இன்னும் ஓர் அதிசயம் உண்டு. அது மணி காட்டும் கல். அரை வட்டமாக எண்கள் செதுக்கிய கல் அது. ஒரு குச்சியை அதில் வைத்தால் அதன் நிழல் ஓர் எண்ணின் மேல் விழும். அதுதான் அப்போதைய மணி!

வெளியூர்க்காரர்கள் யாராவது வந்தால் என் நண்பன் ஓடிப்போவான். ஈர்க்குச்சியை வைத்துக் காட்டுவான். சூரியன் எந்தப் பக்கம் இருந்தால் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று வாத்தியார்போல் விளக்குவான். அப்போது அவனுக்கு வயது 11.

கணக்கில் அவன் புலி. நான் அவன் பேப்பரைப் பார்த்து எழுதியே பல பரீட்சைகளில் தப்பினேன். குரலும் நல்ல குரல். கணீரென்று இருக்கும்.

அந்தக் குரலுக்கு ஊரில் ஒரு வேலை இருந்தது. அவன் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவரோடு வேலை செய்கிறவர்களும் அப்படித்தான். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் எல்லோரும் உட்காருவார்கள். என் நண்பன் நின்றுகொண்டு பேப்பர் படிப்பான். விலைவாசி, கொலை வழக்கு, கிரிக்கெட் எல்லாம் படிப்பான். படித்து முடித்ததும் ஒரு பன்னும் டீயும் கிடைக்கும். பன்னில் பாதி எனக்கு.

ஏர்வாடி செய்தி

2001-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நாங்கள் 8-ம் வகுப்பு. அன்று அவன் படித்த செய்தி இன்னும் என் காதில் கேட்கிறது.

ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. தீ மளமளவென்று பரவியது. உள்ளே இருந்தவர்களில் பலரைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் மாண்டார்கள்.

படித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"ஏன் கட்டிப் போட்டாங்க?" என்று கேட்டான்.

"பைத்தியம் என்றால் கட்டித்தானே போடணும்" என்றார் ஒரு பெரியவர். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவன் அதற்குமேல் படிக்கவில்லை. அன்று பன்னும் சாப்பிடவில்லை.

"பாகாயம் பஸ் வருது, ஏறுடா!"

சென்னையில் யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் "கீழ்ப்பாக்கமா?" என்று கேலி செய்வார்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசாங்க மனநல மருத்துவமனை இருப்பதால் வந்த கேலி அது. 1794-ம் ஆண்டு சென்னையில் தொடங்கிய மனநோய் மருத்துவமனையின் வழிவந்தது அது.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பதில் பாகாயம். வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் பாகாயம்தான். கணக்கைத் தப்பாகப் போட்டால் "பாகாயம் கேஸ்!" தனியாகச் சிரித்தால் "பாகாயம் பஸ் வருது, ஏறுடா!"

நானும் சொல்லியிருக்கிறேன். அவனும் சொல்லியிருக்கிறான். வாய் வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் விலை கொடுக்க வேண்டி வரும் என்று எங்களுக்குத் தெரியாது.

மாறிப்போனான்

2006-ல் பிளஸ் 2 முடித்தோம். நான் படிக்கச் சென்னைக்கு வந்துவிட்டேன். அவன் வேலூரில் ஒரு கல்லூரியில் கணிதம் எடுத்தான். முதல் வருடம் நன்றாகப் படித்தான். இரண்டாம் வருடம் ஏதோ ஒன்று மாறியது.

முதலில் தூக்கம் போனது. பிறகு குளிப்பதை விட்டான். நண்பர்களோடு பேசுவதைக் குறைத்தான். பஸ்ஸில் போகும்போது எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். ஜன்னலை அட்டையால் அடைத்தான். யாரும் இல்லாத அறையில் யாருக்கோ பதில் சொன்னான்.

"வயசுக் கோளாறு" என்றார்கள். "படிப்பு அதிகமாகி மூளை சூடாகிவிட்டது" என்றார்கள்.

ஒரு நாள் பேப்பரைக் கிழித்துப் போட்டான். "என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் தெரிந்துவிட்டது" என்று அழுதான். ஊருக்கே பேப்பர் படித்துக் காட்டிய பையன், பேப்பரைக் கண்டு பயந்தான்!

அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தேன். அவனைக் கோவிலில் பார்த்தேன். சூரியன் இறங்கிவிட்டது. அவன் அந்தக் கல்லின் முன்னே குச்சியோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பார்க்கிறாய்?" என்றேன்.

"மணி பார்க்கிறேன்" என்றான்.

கல்லின் மேல் நிழலே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. "அப்புறம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேப்பிலையும் சாட்டையும்

அந்தத் தெருவில் ஒரு நர்சம்மா இருந்தார். அவர் 2007-லேயே சொன்னார். "இது மூளை சம்பந்தமான நோய். தாமதிக்காதீங்க. பாகாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"பாகாயம் என்ற பேச்சையே எடுக்காதீங்க! ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு என் பெண்ணைக் கேட்டு யார் வருவாங்க?" என்றார் தாயார்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா? ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் சொன்னதைத்தானே ஊரும் சொல்லும்? பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்த கேலிதான் அந்தத் தாயின் காலைக் கட்டிப் போட்டது.

பாகாயத்துக்குப் பதிலாக வேறு இடங்களுக்குப் போனார்கள். ஒரு மந்திரவாதி எலுமிச்சம்பழம் அறுத்தார். இன்னொருவர் 48 நாள் தாயத்துக் கட்டினார். மூன்றாமவர் வேப்பிலையால் அடித்தார். பிறகு சாட்டையால் அடித்தார். "பேய்க்குத்தான் வலிக்கும், பையனுக்கு வலிக்காது" என்றாராம்.

தாயாரின் கம்மல் போயிற்று. இரண்டு ஆடுகள் போயின. சம்பளம் போயிற்று. 2 ஆண்டும் போயிற்று.

சாமி கும்பிடுவது தப்பா? இல்லவே இல்லை. கால் ஒடிந்தால் சாமிக்கும் வேண்டிக்கொள்கிறோம். மாவுக் கட்டும் போடுகிறோம் அல்லவா? மனம் ஒடிந்தால் மட்டும் ஏன் மாவுக் கட்டை மறந்துவிடுகிறோம்?

தங்கையின் வார்த்தை

2009-ம் ஆண்டு. அவன் 4 நாள் சாப்பிடவில்லை. சாப்பாட்டில் விஷம் இருப்பதாகக் குரல் சொல்கிறது என்றான். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டான்.

அப்போது அவன் தங்கை வாயைத் திறந்தாள். அவள் 12-ம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கல்யாணமே ஆகாவிட்டாலும் பரவாயில்லை. அண்ணனை பாகாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க" என்றாள்.

மறுநாள் காலையில் புறப்பட்டார்கள். செதுவாலையில் ஒரு பஸ். வேலூரில் பாகாயம் போகும் டவுன் பஸ். அவ்வளவுதான்! மத்தியானத்துக்குள் டாக்டரின் முன்னே உட்கார்ந்துவிட்டார்கள்.

குடும்பமே கூடத் தங்கும் ஆஸ்பத்திரி

மன நோய் ஆஸ்பத்திரி என்றால் கம்பிக் கதவும் பூட்டும் என்று அந்தத் தாய் நினைத்திருந்தார். பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருந்தார்.

அங்கே நடந்தது நேர்மாறு. "நீங்களும் கூடத் தங்க வேண்டும்" என்றார்கள்.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-களில் பஞ்சாபில், அமிர்தசரஸ் நகரத்தில், டாக்டர் வித்யாசாகர் என்பவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. அவர் வளாகத்தில் கூடாரம் அடித்தார். நோயாளிகளை அவர்கள் குடும்பத்தோடு அதில் தங்க வைத்தார். பார்த்தால், குடும்பத்தோடு இருந்தவர்கள் நல்லபடியாகத் தேறினார்கள். வீட்டாருக்கும் நோயைப் பற்றிப் புரிந்தது.

அந்தக் காலத்திலேயே வேலூரிலும் இதே வழியில் போனார்கள். சி.எம்.சி. என்பது 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. அதன் மனநல நிலையம் பாகாயத்தில் 1957-ல் அமைந்தது. அதற்கு அடித்தளம் போட்டவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டுப் பெண் டாக்டர். நோயாளியோடு உறவினரும் தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிற்று.

மேல் நாடுகளில் மன நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த காலம் அது. நம் வேலூரில் அப்போதே குடும்பத்தைக் கூட வைத்தார்கள். உலகத்துக்கே வழி காட்டிய இடம் அது. அந்த இடத்தின் பெயரைத்தான் நாங்கள் கேலிப் பெயராக வைத்திருந்தோம்!

குரல் எங்கிருந்து வருகிறது?

அவனுக்கு வந்த நோயின் பெயர் மனச்சிதைவு. உலகத்தில் 2 கோடி பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் 20 வயதை ஒட்டி வருகிறது. பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக வருகிறது. ஏழை, பணக்காரன் என்ற பேதம் இதற்கு இல்லை.

யாரும் இல்லாமல் குரல் கேட்பது எப்படி? நாம் எல்லோரும் மனதுக்குள் பேசிக்கொள்கிறோம். "அது நம் பேச்சு" என்று மூளைக்குத் தெரியும். இந்த நோயில் அந்த அடையாளம் குழம்பிப்போகிறது என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். தன் மனப்பேச்சே வேறு யாரோ பேசுவதுபோல் காதில் விழுகிறது. ஆகையால் அவன் நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே கேட்கிறது!

மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. செய்தி கொண்டுபோகும் தபால்காரன்போல அது. இந்த நோயில் சில இடங்களில் அதன் வேலை மிஞ்சிவிடுகிறது. தேவையில்லாத சின்ன விஷயம்கூடப் பெரிய ரகசியம்போல் தோன்றுகிறது. பேப்பரில் வரும் செய்தியெல்லாம் தன்னைப் பற்றியது என்று படுவது அதனால்தான். மாத்திரை அந்த மிஞ்சிய வேலையை அடக்குகிறது.

இப்படிப்பட்ட முதல் மருந்து 1952-ல் பிரான்ஸ் நாட்டில் பயனுக்கு வந்தது. அதன் பெயர் குளோர்புரோமசின். அதற்கு முன் ஆஸ்பத்திரிகளில் ஆயுள் முழுவதும் அடைபட்டுக் கிடந்தவர்கள் பலர். மருந்து வந்த பிறகு வீடு திரும்பியவர்கள் ஏராளம். இப்போது இன்னும் எத்தனையோ மருந்துகள் இருக்கின்றன. தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒரு முறை போடும் ஊசிகூட உண்டு.

"பிள்ளையை வளர்த்த முறை தப்போ?" என்று அந்தத் தாய் அழுதாராம். இல்லை என்று அங்கே விளக்கிச் சொன்னார்கள். வளர்ப்பினால் வரும் நோய் அல்ல இது. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால், தாய் அல்லது தகப்பனுக்கு இந்த நோய் இருந்தாலும் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் வருகிறது. மற்ற ஒன்பது பேருக்கு வருவதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சிகிச்சை எவ்வளவு தாமதமோ, தேறுவதும் அவ்வளவு கஷ்டம். 2 மாதத்தில் போவதற்கும் 2 ஆண்டு கழித்துப் போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மறுபடியும் பேப்பர்!

தாமதமாகப் போனாலும் அவன் தேறினான்!

முதலில் தூக்கம் வந்தது. பிறகு பசி வந்தது. குரல்கள் மெல்ல மெல்லத் தூரப் போயின. ஆறாவது மாதம் ஒரு நாள் திண்ணையில் கிடந்த பேப்பரைத் தானாக எடுத்தான். தகப்பனார் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அவன் படித்தான். உரக்கவே படித்தான்!

2010-ல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. தைத்து வரும் ஷூக்களைச் சரி பார்த்து எண்ணிக்கை எழுதும் வேலை. தாயும் மகனும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

2011-ல் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அண்ணனின் நோயை மறைக்கவில்லை. "சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதில்லையா? அதுபோலத்தானே இது" என்றார் மாப்பிள்ளை. எந்தப் பயத்துக்காக 2 ஆண்டை வீணாக்கினார்களோ, அந்தப் பயம் ஒரே பேச்சில் பறந்துவிட்டது!

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

"மாத்திரையை நிறுத்து!"

2012-ல் அவனுக்கும் கல்யாணப் பேச்சு எழுந்தது.

"இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்? இன்னும் எதற்கு மாத்திரை? மாத்திரை சாப்பிடுகிற பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் ஓர் உறவினர்.

நன்றாக இருந்தது மாத்திரையால்தான் என்பதை எல்லோரும் மறந்தார்கள். அவனுக்கும் மாத்திரைமேல் சலிப்பு. கை நடுங்குகிறது, உடம்பு கனக்கிறது என்பான். டாக்டரிடம் சொல்லியிருந்தால் மருந்தை மாற்றியிருப்பார்; அளவைக் குறைத்திருப்பார். சொல்லவில்லை. தானாகவே நிறுத்திவிட்டான்.

முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீர்களா?" என்றார் உறவினர். மூன்றாம் மாதம் தூக்கம் போனது. குரல்கள் திரும்பி வந்தன. கல்யாணப் பேச்சும் நின்றது.

இந்த முறை பாகாயத்துக்கு உடனே கிளம்பத்தான் நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போகலாம் என்று முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை இரவே அவன் போய்விட்டான். செருப்புகூடப் போடவில்லை.

தேடாத இடம் இல்லை. போலீசில் புகார் கொடுத்தார்கள். காட்பாடி ரெயில் நிலையம், திருப்பதி, பெங்களூர் என்று தகப்பனார் அலைந்தார். கையில் ஒரு போட்டோ. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், முன்பின் தெரியாத ஊர்களில் வழி கேட்டுக்கேட்டுப் போனார். 2017-ல் அவரும் காலமானார். கடைசி வரை அந்தப் போட்டோ அவர் சட்டைப் பையில் இருந்தது.

நான் செய்தது

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவன் போவதற்கு 2 மாதத்துக்கு முன் நான் ஊருக்குப் போயிருந்தேன். அவன் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் உள்ளே இருந்தேன்.

"இல்லை என்று சொல்லிவிடு" என்று என் தாயாரிடம் சைகை காட்டினேன்.

அவன் கொஞ்ச நேரம் நின்றான். "வந்தால் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பன்னில் பாதி கொடுத்தவன் அவன். பத்து நிமிடம் கொடுக்க மறுத்தவன் நான். அவனோடு உட்கார்ந்து பேசியிருந்தால், மாத்திரை நின்றது எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருப்பேனோ, என்னவோ! அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை.

காணாமல் போனவர்கள் வருவார்களா?

வருகிறார்கள்! சில பேர் பல ஆண்டு கழித்தும் வந்திருக்கிறார்கள்.

சென்னையில் 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு பெண்கள் 'பானியன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்குத் தங்க இடமும் மருந்தும் கொடுத்தார்கள். தேறியவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். அவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மகாராஷ்டிர மாநிலம் கர்ஜத்தில் டாக்டர் பரத் வத்வானி இதே தொண்டைச் செய்கிறார். அவருடைய 'சிரத்தா' அமைப்பு இந்தியாவின் பல மாநிலங்களிலும் உள்ள குடும்பங்களுக்கு அவர்களுடைய பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. 2018-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆகையால் விரிஞ்சிபுரத்துத் திண்ணை விளக்கு வீண் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏர்வாடி தீக்குப் பிறகு நாடு விழித்துக்கொண்டது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018-ம் ஆண்டு மே மாதம் அமலுக்கு வந்தது. மன நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்பது இப்போது சட்டம். சிகிச்சை பெறுவது அவருடைய உரிமை. தெருவில் யாராவது மனம் குழம்பித் திரிந்தால், அவரைப் பாதுகாப்பாக அழைத்துப் போவது போலீசாரின் கடமை.

"ஏன் கட்டிப் போட்டாங்க?" என்று 13 வயதில் கேட்டானே, அந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. கேட்டவன்தான் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

2015-16-ல் நாடு முழுவதும் ஒரு பெரிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. மனநலக் கோளாறு உள்ள 100 பேரில் 70 பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை என்று அதில் தெரிந்தது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தூங்காமல் இருக்கிறானா? குளிக்காமல், யாரோடும் சேராமல் ஒதுங்குகிறானா? இல்லாத குரல் கேட்கிறது என்கிறானா? எல்லோரும் தனக்கு எதிரி என்று பயப்படுகிறானா? இரண்டு, மூன்று வாரம் இப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோய் போய்விட்டது என்று தோன்றும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். கல்யாணம் மருந்து அல்ல. மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவார்.

மனச்சிதைவு நோயாளிகளில் மூன்றில் ஒருவராவது முழுக்கக் குணமடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களிலும் பலர் மருந்தின் துணையோடு வேலைக்குப் போகிறார்கள். குடும்பம் நடத்துகிறார்கள்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. போய்ப் பாருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். அதுவே பெரிய உதவி.

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கீழ்ப்பாக்கமும் பாகாயமும் கேலிக்கு உரிய ஊர்கள் அல்ல. விளையாட்டாகச் சொல்லும் அந்த வார்த்தை, ஒரு நாள் உங்கள் வீட்டு வாசலிலேயே வந்து வழியை மறிக்கும்.

"எழுது, தம்பி!"

புறப்படும்போது அந்தத் தாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அம்மா, அவனைப் பற்றிப் பேப்பரில் எழுதட்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு காலத்தில் "ஊர் என்ன சொல்லும்" என்று பயந்தவர் அல்லவா?

பிறகு சொன்னார். "எழுது, தம்பி. அவன் எங்கே இருந்தாலும் பேப்பர் கிடைத்தால் விடமாட்டான். படிப்பான்."

நண்பா, இது உன் கண்ணில் பட்டால் உனக்கு மூன்று சேதி. தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். திண்ணையில் விளக்கு எரிகிறது. பாகாயம் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் வருகிறேன்.

இந்தத் தடவை வீட்டில் இல்லை என்று சொல்லமாட்டேன். வா!